பலகைக்கு அப்பால் பூட்ஸ் தடம்

சூரிக்,
ஜனவரி 9

அன்புள்ள துமேங்,

நீ நலமா? மொரின் நலமா? முதலில் நாயைத்தான் விசாரிக்க நினைத்தேன். கோபித்துக்கொள்வாய் என்று உன்னை முன்னால் எழுதினேன்.

தங்கை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பேக்கரி வேலை. மாலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். பிடிக்க நாய்வார் இல்லாமல் கை சும்மா தொங்குகிறது.

போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஊர்சபை உன்னைப் பனி பார்க்கும் ஆளாக வைத்திருக்கிறது. ஓடைச் சரிவில் பனி சரிந்து விழும் ஆபத்து என்றால் பாதையில் கயிறு கட்டி, மஞ்சள் பலகை மாட்டுபவன் நீ. மாட்டிய கையோடு கயிற்றைத் தாண்டி நாயோடு உலாவப் போகிறவனும் நீயே. போன குளிர்காலத்தில் இடுப்புவரை புதைந்தாய். மொரின் தோண்டியது. வீட்டுக்கு வந்து பனியை உதறிவிட்டு, "சூப் ஆறிடுச்சா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்து அந்தச் சரிவையே பார்ப்பது என் பிழைப்பாகிவிட்டது. என்னால் முடியவில்லை.

பலகை தொங்கும் நாளில் நீயும் இந்தப் பக்கமே நில். வாக்குக் கொடு. மார்ச் முதல் தேதி பிள்ளைகள் குளிர்காலத்தை விரட்ட மாட்டுமணி அடித்துக்கொண்டு தெருவில் வருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன்.

உன்
செரைனா

*

வால்சுரா,
ஜனவரி 16

என் செரைனா,

உன் கடிதத்தை மொரினுக்குப் படித்துக் காட்டினேன். உன் பெயர் வந்ததும் காதைத் தூக்கியது. எனக்கும் அப்படித்தான்.

அந்தச் சரிவு எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பலகை வெளியூர்க்காரர்களுக்கு. மொரின் கால் வைக்க மறுத்தால் நானும் திரும்பிவிடுவேன். இதையெல்லாம் சொன்னால் உனக்கு எரிச்சல் வரும், நிறுத்திக்கொள்கிறேன்.

மெங்கியா அக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள கொட்டிலுக்கு ஆடு கறக்கப் போகும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன துமேங், பொண்டாட்டி ஓடிட்டாளாமே?" என்றாள். "ஓடல அக்கா, பஸ்லதான் போனா" என்றேன். "சட்டையில முட்டைக் கறைய முதல்ல துடை, அப்புறம் பேசு" என்று போய்விட்டாள்.

வீடு வீடாக இல்லை. பார்லி சூப் வைத்தேன், மொரினே மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. சரி, வாக்குத் தந்தேன். பலகை தொங்கினால் கயிற்றைத் தாண்ட மாட்டேன்.

உன்
துமேங்

*

சூரிக்,
ஜனவரி 24

அன்புள்ள துமேங்,

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான், பயப்படாதே. பிப்ரவரியோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று பேக்கரியில் சொல்லிவிட்டேன்.

இத்துடன் அக்ரூட் கேக் வருகிறது. முழுவதையும் நீயே விழுங்காமல் மெங்கியா அக்காவுக்குக் கொடு. மொரினுக்கு ஆகாது, கெஞ்சினாலும் கொடுக்காதே.

உன்
செரைனா

*

வால்சுரா,
பிப்ரவரி 8

என் செரைனா,

கேக் தீர்ந்துவிட்டது. அக்காவுக்குக் கொடுத்தேன், சத்தியமாக.

இங்கே பனி கொட்டித் தள்ளுகிறது. பலகை மாட்டியது மாட்டியபடியே இருக்கிறது. நானும் மொரினும் நல்ல பிள்ளைகளாகத் தேவாலயம் வரை நடந்து திரும்பிவிடுகிறோம். நாய்க்குத்தான் அலுத்துவிட்டது. "நான் என்னடா பண்ணட்டும், அவகிட்ட வாக்குக் கொடுத்துத் தொலைச்சுட்டேன்" என்று தினமும் அதைச் சமாதானம் செய்கிறேன். சீக்கிரம் வா.

உன்
துமேங்

*

சூரிக்,
பிப்ரவரி 15

துமேங்,

மெங்கியா அக்காவை இங்குள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓடைச் சரிவில் பனி வந்து மூடியதும், நீயும் மொரினும்தான் தோண்டி எடுத்தீர்கள் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை எனக்கு எழுத உனக்குக் கை வரவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையில் பனியில் உறைந்துபோன விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"பலகையைப் பாக்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்டி. அது பாட்டுக்கு தொங்குது. பனியில உன் வீட்டுக்காரன் பூட்ஸ் தடம், பக்கத்துல நாய்த் தடம். தினம் புதுசு புதுசா இருந்துச்சு. துமேங் போன வழின்னா கல்லு மாதிரி இருக்கும்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது? அந்தத் தடத்துமேலயே காலை வச்சுப் போனேன். அவனைத் திட்டாதடி, பாவம்."

அவள் உன்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தேவாலயம் வரை என்று எழுதினாயே. நம் ஊரில் பலகையை எவரும் பார்ப்பதில்லை, உன் தடத்தைத்தான் பார்க்கிறார்கள். இத்தனை நாள் உன் ஒருவன் உயிருக்குத்தான் பயந்தேன். பின்னால் வருகிறவர்களை நானும் நினைக்கவில்லை.

செரைனா

*

வால்சுரா,
பிப்ரவரி 19

செரைனா,

அக்கா புதைந்த இடத்தை மொரின்தான் கண்டுபிடித்தது என்று எழுதத் தொடங்கிக் கிழித்துப்போட்டேன். அதில் என்ன பெருமை?

வாக்குக் கொடுத்து ஒரு வாரம் ஒழுங்காகத்தான் இருந்தேன். மொரின் கயிற்றருகே நின்று என் முகத்தைப் பார்த்தது. ஒருநாள் போனேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் போனேன். நீ வந்தபின் விட்டுவிடலாம், அதுவரை உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

இனிப் பனி பார்க்க வேறு ஆள் பாருங்கள் என்று ஊர்சபையில் சொல்லிவிட்டேன். பெரிய சாலையில் சுற்றிப் போய் அக்காவின் ஆடுகளைக் கறக்கிறேன். உதைக்கின்றன. எனக்கு வேண்டியதுதான். தெருவில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.

வெட்கமாக இருக்கிறது. மணியடிக்கும் நாளுக்கு வருவாயா?

துமேங்

*

சூரிக்,
பிப்ரவரி 25

அன்புள்ள துமேங்,

வருகிறேன். மெங்கியா அக்காவைச் சனிக்கிழமை அனுப்புகிறார்கள், நானும் அதே பஸ்ஸில் வருகிறேன். ஆனால் தங்கப்போவது அவள் வீட்டில். சட்டைக்குப் பொத்தான் போடவும் ரொட்டி வெட்டவும் அவளுக்கு ஆள் வேண்டும். "உன் புருஷன் வீட்டுக்குப் போடி, எனக்கு இடது கை இருக்கு" என்று விரட்டுகிறாள். நான் கேட்கவில்லை.

உன்னை வெறுக்கவில்லை. நேற்றுகூட உன் சூப்பை நினைத்துச் சிரித்தேன். ஆனால் நம் வீட்டில் இருந்தால், நீ சொல்லும் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குப் போய்ச் சரிபார்ப்பேன். நீ பொய்யை அவ்வளவு அன்பாக எழுதினாய். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேண்டாம்.

ஆடுகளை நீயே கற. மொரினைக் காலையில் நான் சாலையோரம் நடத்திப் போகிறேன். சரிவுப் பக்கம் இழுக்கத்தான் இழுக்கும், பழகிவிடும். அதைக் கூட்டிவந்து, வாரை அக்கா வீட்டு வாசற்கம்பியில் மாட்டிவிட்டுப் போ. கதவைத் தட்டாதே.

செரைனா