ரேடியோவில் ஓடும் பஸ்ஸைப் பற்றி ஜெயபாலனுக்கு

காஜா பெராங், மலாக்கா
18-2-1959

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை கோகிலாவும் தம்பிராஜா மாமாவும் சன்னாசிமலையாண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, ஆனால் உன் கடிதம் சொல்வதையெல்லாம் நான் இப்போது அப்படியே நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

பொங்கலுக்கு முன் வந்த கடிதத்தில், லண்டனில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வெளியே பனி, அதனால் நீங்கள் நாலு பேர் வீட்டுக்காரம்மாவின் நடைக்கூடத்தில் சின்னச் சின்ன கார்களையும் பஸ்களையும் ரேடியோவால் ஓட்டி விளையாடுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். பஸ் நாற்காலிக் காலைச் சுற்றித் திரும்பிய விதத்துக்கு ஒன்றரைப் பக்கம். சட்டப் படிப்புக்கு 'நன்றாகப் போகிறது' என்று அரை வரி. இருபத்து நாலு வயதுப் பிள்ளை பொம்மை பஸ் ஓட்டுகிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் சந்தேகம் வராது? முதலில் அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். போன ஆகஸ்டு வரை ஒரு வாத்தியார் பெயர், ஒரு புத்தகத்தின் பெயர், பரீட்சைத் தேதி என்று ஏதாவது இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் பனியும் சூப்பும் பஸ்ஸும்தான். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நம் வீட்டில் ரேடியோ என்ற பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

ஜாலான் பெண்டஹாராவில் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்ததும், ஐம்பதாம் வருஷம் அவரிடம் பெட்டி கொடுத்த எவனோ ஒருவன் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு வேண்டியவன் என்று சொல்லி மாத்தா போலீஸ் வந்து மாமாவைப் பிடித்துப் போனதும், பதினாலு மாதம் அவர் தடுப்பு முகாமில் கிடந்ததும் நீ பார்த்ததுதான். அந்த வாரமே அப்பா உன் கட்டிலுக்கு அடியில் நீ சேர்த்து வைத்திருந்த ரேடியோக் கம்பிச் சுருள்களையெல்லாம் சாக்கில் கட்டி ஆற்றில் போட்டார். நீ அழுதாய். மாமாவுக்காகப் பேச ஒரு வக்கீலைக்கூட நமக்குத் தெரியவில்லையே, என் பிள்ளை வக்கீலாகட்டும் என்று அப்பா சொன்னது அன்றைக்குத்தான். மாமா திரும்பி வந்ததிலிருந்து துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறார். அடுத்த வீட்டு ரேடியோ பாடினால் இவர் இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார்.

இப்படி இருக்கும்போது போன மாதக் கடைசியில் தபால் நிலையத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. கோகிலா பெயருக்கு லண்டனிலிருந்து பார்சல், உள்ளே வயர்லெஸ் கருவி இருக்கிறது, பெரியவர்கள் யாராவது நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பா ஆபீஸ் வேலையாக அலோர் காஜா போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். பார்சலே வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா சீட்டை வாங்கிப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் வரேன்க்கா, உனக்கு அவங்க கேக்கறது புரியாது" என்றார். வேண்டாம்டா என்று எத்தனையோ சொன்னேன். "வேண்டாம்னு எத்தன வருஷம்க்கா உக்காந்திருக்கிறது" என்று கேட்டார். நானும் சேலையை மாற்றிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

அங்கே ஒரு மலாய்க்கார அதிகாரி மேசைமேல் சிவப்பு பஸ்ஸையும் கறுப்புப் பெட்டியையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பெட்டி யாரோடு பேசும் என்று கேட்டார். மாமா மலாயில், "யாரோடயும் பேசாது என்சே, இந்த பஸ்ஸோட மட்டும்தான் பேசும்" என்றார். பிறகு பேட்டரியைப் போட்டு பஸ்ஸைத் தரையில் விட்டார். பெட்டியில் ஒரு தடவை அழுத்தினால் நேராகப் போகிறது, மறுபடி அழுத்தினால் இடது பக்கம், இன்னொரு தடவைக்கு வலது. அது வரிசையில் நின்றவர்களின் காலுக்குள் புகுந்து ஓட, ஒரு சீனக் கிழவி காலைத் தூக்கிக்கொண்டு கத்த, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், பிறகு இன்னொரு தடவை. கடைசியில் இது விளையாட்டுச் சாமான் என்று மாமாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். அந்தத் தாளில் தன் பெயரை எழுதும்போது மாமாவின் பேனா இரண்டு முறை நின்றது.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டு மத்தியானம் முழுவதும் ஓட்டினோம். பொய் சொல்லமாட்டேன், நானும்தான் ஓட்டினேன். அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவில் அதைத் திருப்பிக்கொண்டு வந்தபோது கோகிலா கை தட்டினாள். இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதா, அப்படியானால் பிள்ளை எழுதியது உண்மைதான் என்று என் மனம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் மாமா திருப்புளி கேட்டு வாங்கிப் பெட்டியைத் திறந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார். பிறகு கோகிலாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, "அக்கா, பெட்டிதான் கடைப் பெட்டி. உள்ள எல்லாம் புதுசாக் கட்டியிருக்கான். கம்பி ஒட்டின ஒவ்வொரு ஈயப்பொட்டும் ஒரே அளவு, பாரு. பொழுதுபோக்குக்குச் செய்யறவன் கை இல்ல இது. தினம் எட்டு மணி நேரம் இதே வேலையா இருக்கிறவன் கை" என்றார். மூடியின் உள்பக்கம் பென்சிலால் 214 என்று எண், தேதி, பக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்து. ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவர்கள்தான் அப்படிப் போடுவார்களாம். இருநூற்றுப் பதினாலாவது வேலை. நீ எங்களை ஏமாற்றுகிறாய் என்று தெரிந்த அதே நேரத்தில், மாமா அந்தக் கம்பிகளை விரலால் தடவி, "நல்லா செஞ்சிருக்கான்க்கா" என்றாரே, நான் யாரைத் திட்டுவது?

நாலு நாள் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். அப்பா வந்து குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, ஆபீஸ் காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு உறையை எடுத்து என் மடியில் போட்டார். உன் கல்லூரிக் கடிதம். நீ வகுப்புக்கு வராததால் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அக்டோபர் மாதமே எழுதியிருக்கிறார்கள். நாலு மாதமாக மனுஷன் அதை வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "உனக்கு ரத்தக் கொதிப்பு. அதோட, அவன் வாயால சொல்லட்டும்னு பார்த்தேன்" என்கிறார். ஒரு நாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. நீ எங்களிடம் மறைக்க, அவர் என்னிடம் மறைக்க, நான் அவரிடம் மறைக்க, நல்ல குடும்பம்.

அப்பாவுக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "யாருக்கும் பயப்படாம இருக்கணும்னுதான் அவன அனுப்பினேன் பாக்கியம். இப்ப அவன் நமக்கே பயந்துகிட்டு இருக்கான்." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன். படிப்பு பிடிக்கவில்லையா, யாராவது மனம் நோகப் பேசினார்களா, உடம்புக்கு முடியாமல் போனதா? எந்தக் கடையில் வேலை, முதலாளி எப்படிப்பட்டவர், மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய்? நல்லபடியாக இருப்பதாக எழுதாதே, இருக்கிறபடி எழுது. அடுத்த வாரம் மாசி மகத்துக்குச் செங்கில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகிறோம், உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நெஞ்சில் சளி கட்டவிடாதே, ஈரக் காலுறையோடு உட்காராதே. நீ எந்த வேலை செய்தாலும் தலை நிமிர்ந்து செய்து, நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது உறையின் மேல் அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்தே எழுது, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பிரிக்கிறோம்.

உன் அம்மா,
க. பாக்கியலட்சுமி