பதில் வரும் நேரம்

மார்ச் 4
பெட்டை செத்துப்போன ஆண் குருவிக்குப் பேராசிரியர் வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. மனுஷனுக்குக் குசும்பு அதிகம். பெட்டையின் பழைய பதிவை ஸ்பீக்கரில் போட்டால் மாப்பிள்ளை உடனே கீச்சிட்டுப் பதில் தருகிறான். மனிதர் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் அதே சின்ன இடைவெளி! இதை நிரூபித்தால் என் வேலை நீடிக்கும். இல்லையென்றால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 9
ஞாயிறு. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 12
தொண்டை கட்டிவிட்டது. பேச்சே எழவில்லை. பதிவைப் போட்டேன். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இவனுக்கு என்ன வந்தது?

மார்ச் 13
அடக் கடவுளே. மனிதக் குரலை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டுத்தான் சோதனையின்போது அறையில் எடுத்த எல்லாப் பதிவையும் இதுவரை கேட்டு வந்திருக்கிறேன். இன்று வடிகட்டாமல் கேட்டேன். பெட்டையின் குரல் முடிகிற இடத்திலெல்லாம் நான் — “ம், சொல்லுடா”. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு வாய் சும்மா இருக்குமா? அவன் பதில் சொன்னது எனக்கு.

மார்ச் 14
பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. “இனிமே நீ உள்ள போகாதம்மா. வெளியில இருந்தே போடு.”

மார்ச் 20
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அவன் கீச்சிடவே இல்லை. தீனி வைத்தது வைத்தபடி கிடக்கிறது. செத்துக்கித்துப் போயிட்டான்னா?

மார்ச் 22
“துணைக்கு ஒண்ண விடலாம் சார்.”
“விட்டா இவன் சோதனைக்கு ஆக மாட்டான். உன் வேலையும் போயிரும். யோசிச்சியா?”
“யோசிச்சுட்டேன்.”
அக்காவிடம் போனில் சொன்னேன். “குருவிக்கெல்லாம் வரன் பாக்குற. உனக்குன்னா மட்டும் காது கேக்காதே!” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 2
புதுப் பெட்டை வந்துவிட்டது. சாப்பிடுகிறான். அப்பாடா.

ஜூன் 27
அறைச் சாவியை ஒப்படைக்கும்முன் உள்ளே போனேன். இருவரும் மாறி மாறிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். “போயிட்டு வரேண்டா” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லா இருக்கட்டும்.
பதில் வருவதென்றால் எவ்வளவு நேரத்தில் வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நேரம் போய் வெகுநேரம் ஆகியும் நின்றுகொண்டே இருந்தேன்.