மணி அடித்தால் ஆள் வரும் ஓட்டல்

மார்ச் 3

இதெல்லாம் நடக்கும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் ஞாபகமில்லை.

அக்கா மகள் குட்டி கல்லூரியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கையில் யாருடையதோ சக்கரம் உடைந்த பெட்டி. பெட்டி, பை பழுது பார்ப்பதில் இந்த ஊரில் எனக்கு ஈடு கிடையாது என்பதால், சக்கரம் மாட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சக்கரம் அப்புறம் மாமா. பகல்ல மட்டும் இது இங்க இருக்கட்டுமா?"

பேருந்து நிலையத்தில் படுத்துத் தூங்கும் ஒருவருடையதாம். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். பெட்டியை விட்டுப் போனால் களவு போகும். இழுத்துக்கொண்டு போனால், வேலை கேட்கிற இடத்தில் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். இவளும் சிநேகிதிகளும் சாப்பாடு கொடுக்கப் போனபோது, பெட்டிக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டாராம்.

பின்னறை அலமாரியில் கீழ்த்தட்டைக் கொடுத்தேன். மகாராஜா மாதிரி கொடுத்தேன்.

மார்ச் 4

கீழ்த்தட்டு நிரம்பிவிட்டது. எல்லாம் அந்த நிலையத்து ஆட்களுடையவை.

மார்ச் 9

மேல்தட்டும். ஜிப் வாய் பிளந்த பைகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என் கைக்குத் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் நாற்பது ஜிப் மாற்றினேன். சரி, நாலு.

யாருடைய பைகள் என்று கேட்ட வாடிக்கையாளரிடம், வெளிநாட்டுச் சுற்றுலாக் குழு என்றேன். குட்டி பின்னறைக்குப் போய்ச் சிரித்தாள்.

மார்ச் 12

கட்டடக்காரம்மா வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். மூட்டைப்பூச்சி வந்தால் யார் பொறுப்பு என்றார்.

"சனிக்கிழமைக்குள்ள பின்னறை காலியாகணும். இல்லாட்டி கடையும் சேர்ந்து காலியாகட்டும்."

நான் விடுவேனா? இந்த ஊருக்கு வந்த புதிதில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் தங்கியதை எடுத்துவிட்டேன். நீலத் திரைச்சீலை. மணி அடித்தால் ஆள் ஓடி வருவான். என் பெட்டியை அங்கே எவ்வளவு மரியாதையாக வைத்திருந்தார்கள், அந்த மரியாதையைத்தானே நானும் காட்டுகிறேன் என்றேன். கடை வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து அவர் கேட்கிற கதை.

"அப்ப இதையும் அந்த ஓட்டல்லயே வெக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 13

கோட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை பார்சல் கிடங்கில் நேர்காணல். பெட்டி எங்கே போகும்? கடை போனால் நான் எங்கே போவேன்? படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று குட்டியிடம் கத்திவிட்டேன். அவள் ஜிப் ஒன்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் தேய்க்கிறாள்.

மார்ச் 14

சனிக்கிழமை. பெரிய உரை ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். கட்டடக்காரம்மா படியேறியதும் அதை விட்டுவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் குட்டியைப் பார்த்து, இதற்குக் கல்லூரியில் மார்க் போடுவார்களா என்று கேட்டார்.

"இல்லம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இந்த ஊருக்கு வந்தப்போ ஸ்டேஷன் பெஞ்சுலதான் தூங்குனாரு. பெட்டியைக் கயித்தால கால்ல கட்டிக்கிட்டு. ஒரு வேலை கிடைச்சுது, பெட்டியோட வராதேன்னுட்டாங்க. வெக்க இடமில்ல, வேலை போச்சு. ஒரே ஒரு தட்டு இருந்திருந்தாப் போதும். அதான்."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தையல் மெஷினைப் பார்த்தாள். அக்கா — அக்கா இவளிடம் சொல்லிட்டாளா? எப்போ?

கட்டடக்காரம்மா சிரித்தார். "கதை விடுறதுல மாமாவை மிஞ்சிடுவ போலிருக்கே."

என் ஓட்டல் கதையை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். இதை அப்படிச் சொன்னது பொறுக்கவில்லை.

"அது கதை இல்லம்மா. அந்த ஆளு நான்தான்."

"அப்ப அந்த ஓட்டல்?"

நான் ஒரு பூட்டை எடுத்து வெகு கவனமாகச் சோதித்தேன்.

அவர் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பின்கதவைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும் என்றார். படியிறங்கும்போது, "வீட்ல ஒரு பெட்டி கைப்பிடி போய்க் கெடக்கு, கொண்டாரேன். காசு கேக்காதீங்க."

மார்ச் 16

கோட்டுக்காரர் வெறுங்கையோடு நேர்காணலுக்குப் போனார். தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். வலது கை வீசி நடந்தது. இடது கை மட்டும் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியே இருந்தது.

மார்ச் 18

வேலை கிடைத்துவிட்டது. கிடைக்கும் என்று நான் சொன்னேன். இந்தத் தடவை குட்டியே சாட்சி. கட்டடக்காரம்மாவின் பெட்டிக்கு நான் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, திரைச்சீலை நீலம்தானே?"

"வேலையைப் பாரு" என்றேன்.

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலும் ஓட்டல் என்றே எழுதி வைத்திருக்கிறேன். எனவே ஒரு திருத்தம். ஓட்டல் கிடையாது. திரைச்சீலை கிடையாது. மணி மட்டும் நிஜம். ரயில் வருவதற்கு முன்னால் அடிப்பார்கள். ஆட்களும் ஓடித்தான் வருவார்கள். எனக்காக இல்லை, அவ்வளவுதான்.