கோபக்கார அண்ணன் வேஷம்

18 ஜனவரி 1953, ஞாயிறு

தம்பி மரியசெல்வத்துக்கு நாடகத்தில் கோபக்கார அண்ணன் வேஷம் கிடைத்துவிட்டது. கோயிலில் பூசை முடிந்ததும் நாடகம் பழக்கும் அண்ணாவியார் எல்லார் முன்னாலும் வெற்றிலை கொடுத்தார். நம் வண்டிக்காரன் மருதையன் வெளியே நின்றவன், "சின்ன மொதலாளிக்கு ஒத்திகையே வேணாமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தக் காலத்துச் சாமியார் ஒருவர் சீமைக் கதையைப் பாட்டாகக் கட்டிய நாடகம். பகை பிடித்த இரண்டு வீடு. இந்த வீட்டுப் பெண், அந்த வீட்டுப் பையன். பெண்ணின் அண்ணன் எதற்கெடுத்தாலும் வாளை உருவுகிறவன். சமாதானம் பேச வந்த மாப்பிள்ளையை வெட்டப்போய்த் தானே வெட்டுப்பட்டுச் சாகிறான். அதற்குப் பிறகு கதையில் யாருக்கும் நல்லது நடப்பதில்லை. வருஷா வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு ஆடுகிறோம்.

இந்த வேஷத்துக்கு மட்டும் ஒரு கட்டு உண்டு. வெற்றிலை வாங்கிய நாள் முதல் ஊரில் யார் வேண்டுமானாலும் அவனைச் சீண்டலாம். அவன் பதில் பேசக்கூடாது, கை ஓங்கக்கூடாது. கோபம் முழுக்க மேடைக்கு மிச்சமாக வேண்டும் என்று பெரியவர்கள் போட்ட கணக்கு. முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால் சீண்டல் நின்றுவிட வேண்டும்.

என் கணக்கு வேறு. நாளைக்குப் போலகம் போகிறேன்.

19 ஜனவரி

தம்பி பெண்டாட்டி குஞ்சம்மா முகம் கொடுத்துப் பேசினாள், அதுவே பெரிது. போன மழைக்காலத்தில் இவன் முறுக்கிய கை இன்னும் நேராகவில்லை. அன்றைக்குத் தாய் வீடு போனவள், திரும்பவில்லை. வேஷத்தின் கட்டை விளக்கிச் சொன்னேன்.

"நாடகம் முடியிற வரைக்கும் யாரு மேலயும் கை வெக்காம இருந்தா வர்றேன் அத்தான். ஒரு தடவ வெச்சாலும் இல்ல."

"நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க வியாபாரம் பேசுறீங்க. நான் உசுரோட இருக்கப் பாக்குறேன்."

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னேன். குனிந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். "சரி" என்றான். அவ்வளவுதான்.

3 பிப்ரவரி

கடைத்தெருவே இவன்மேல் பாய்கிறது. மீன்காரிகள்கூட விடவில்லை. "என்னங்க மரியசெல்வம், இன்னிக்கு அடுப்பு ஊதுனது யாரு, நீங்களா உங்க அண்ணியா?" மருதையன் பங்குக்கு: "சின்ன மொதலாளி, எங்க வீட்டுக் கோழி முன்னல்லாம் ஒங்களப் பாத்தா ஓடும். இப்ப நின்னு பாக்குது."

தராசைப் பிடித்தபடி நின்றான். போன வருஷமாக இருந்தால் எடைக்கல் பறந்திருக்கும்.

18 பிப்ரவரி, விபூதிப் புதன்

இன்றும் ஒன்றுமில்லை. சோறு தாமதமானதற்குக்கூடச் சத்தம் போடவில்லை. என் மனைவி செல்லம்மா பயப்படுகிறாள். "கத்துனாத் தேவலாம் போலருக்குங்க" என்கிறாள். பைத்தியக்காரி என்று திட்டினேன்.

6 மார்ச்

கிடங்கில் ஒரு அடுக்கு மிளகாய் போச்சு. ஈரம் காயாமல் அடுக்கிவிட்டார்கள். வெளியே சாக்கு குளுகுளுவென்று இருக்கிறது. உள்ளே கை விட்டால் சுடுகிறது. பிரித்துக் கொட்டினோம், நடுவில் கறுத்துப் போயிருந்தது.

தம்பியும் கூடவே நின்று கொட்டினான். அவனை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

22 மார்ச்

ஒத்திகை. தோணிக்காரர் அருளானந்தத்தின் மகன் சேவியர் மாப்பிள்ளை வேஷம். குரல் நல்ல குரல், வாய்தான் நீளம். மரியசெல்வம் அழகாகச் செத்து விழுகிறான். அண்ணாவியாரே கண்ணைத் துடைத்தார்.

வரும் வழியில் தானாகப் பேசினான். எத்தனை நாளாயிற்று!

"அண்ணே, செத்தப்பறம் துணியப் போட்டு மூடுறாங்கல்ல, அந்த நேரந்தாண்ணே நல்லாருக்கு. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

வேஷத்தை விட்டுவிடுகிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். விட்டால் குஞ்சம்மா வரமாட்டாள் என்று அவனுக்கும் தெரியும். நானும் வற்புறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே.

11 ஏப்ரல்

குஞ்சம்மா வருகிறாள்! நாடகம் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பின்கட்டு அறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேன். மரியசெல்வம் தானே சுண்ணாம்பு மட்டையை எடுத்து அடித்தான்.

13 ஏப்ரல்

போச்சு.

நேற்று ராத்திரி நாடகத்தில் நடந்ததை எழுதத்தான் வேண்டும். குஞ்சம்மாவுக்கு நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தது நான். ஊர் பார்க்கட்டும் என்று. பெண்கள் எல்லாம் பாயில் இருக்க, அவள் மட்டும் நாற்காலியில். வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

சண்டைக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு அறைகூவல் பாட்டுப் பாடுவான். சேவியர் பாடி முடித்தான். முடித்தவன் கீழே பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், ஒரு அடி கூடச் சேர்த்தான்: கட்டினவள் கையை ஒடித்த வீரனுக்குக் கத்தி எதற்கு என்று. அரிதாரம் ஏறிய பிறகு. மேடையில் வைத்து. கூட்டம் மொத்தமும் திரும்பிக் குஞ்சம்மாவைப் பார்த்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சிலர் சிரித்தார்கள்.

வெட்டு வாங்கி விழ வேண்டியவன் விழவில்லை. சவுக்குக் கட்டையில் செய்து ஈயத்தாள் ஒட்டிய வாள்தான். ஒரே வீச்சு. சேவியர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரல் இடுக்கில் ரத்தம். நாடகம் என்று நினைத்து ஜனம் கை தட்டியது.

ஆர்மோனியம் நின்ற பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் சேவியரிடம் ஓடினார்கள். மரியசெல்வம் வாளைக் கீழே வைத்தான். மூடுகிற துணியைத் தானே எடுத்தான். மேடை நடுவில் படுத்துத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

15 ஏப்ரல்

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சேவியருக்கு இடது கண் பார்வை இனி வராது. பையனுக்கு வயது இருபத்தொன்று. அருளானந்தம் வெளியே சுவரைப் பார்த்து நின்றார். "அடைக்கலராஜ், ஒந்தம்பி வேஷம் போடலப்பா. நாமதான் வேஷம்னு நெனச்சிட்டோம்" என்றார். அடித்திருந்தால் தேவலை.

18 ஏப்ரல்

மரியசெல்வம் வெள்ளையடித்த அறையிலேயே கிடக்கிறான். சாப்பிடுகிறான், பேசுவதில்லை. வாசலில் பையன்கள் வந்து கத்துகிறார்கள்: "அண்ணன் வேஷம், வெளியில வா!" சீண்டல் இன்னும் நிற்கவில்லை.

21 ஏப்ரல்

போலகம் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கேட்டேன், அவன் எத்தனை நாள் பொறுத்தான் தெரியுமா என்று. "தெரியும் அத்தான். நானும்தான் ஒவ்வொரு நாளும் விசாரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அழவில்லை.

26 ஏப்ரல்

பங்குச் சாமியார் பங்களாவில் பேசி முடித்தோம். என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். முடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தது இதுதான் முதல்.

முடிவானது: பொலீசுக்கு யாரும் போவதில்லை. என் இரண்டு தோணியில் பெரியது சேவியர் பேருக்கு. வேஷம் இனிமேல் எங்கள் வீட்டுக்குக் கிடையாது. மரியசெல்வம் அடுத்த கப்பலில் சைகோன் போகவேண்டும்; அருளானந்தம் வீட்டார் கூப்பிடாமல் காரைக்கால் மண்ணை மிதிக்கக்கூடாது. குஞ்சம்மா போலகத்திலேயே இருப்பாள். அவள் நகை, பாத்திரம் எல்லாம் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அவள் தரப்பில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்: அவர் கப்பல் ஏறும்வரை ஊரில் யாரும் அவரைச் சீண்டக்கூடாது.

அருளானந்தம் சரி என்றார். நானும் சரி என்றேன்.