ஆவணியில் வருவாள் என்று எழுதிவிட்டீர்கள்

இன்னும் என் கோபம் ஆறாத, என் பிரியமான அப்பச்சிக்கு,

உங்கள் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது. காரைக்குடி வீடு கொள்ளாத கூட்டம். பந்தியில் கீழச்சிவல்பட்டி அயித்தை என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அப்பச்சிய விட்டுப் பிரிய மாட்டேன்னு ஜெர்மனிப் படிப்பையே உதறுனவ. இப்படி ஒரு மக யாருக்கு வாய்க்கும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானா உதறினேன்?

கெமிஸ்ட்ரி மேல்படிப்புக்கு மேற்கு ஜெர்மனி உதவித்தொகை கிடைத்தபோது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் நீங்கள்தான். மதராசிலிருந்து கம்பளிச் சட்டைகூட வரவழைத்தீர்கள். மொழி வகுப்பு ஆகஸ்ட் தொடக்கத்தில், அதாவது ஆடியில், என்றதும்தான் முகம் மாறியது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் பெட்டி அடுக்க உட்கார்ந்த அன்றுதான் சொன்னீர்கள்.

“ஆடியில பொம்பளப் பிள்ளைய எப்படிக் கடல் தாண்டி அனுப்புறது? ஆவணி பிறந்ததும் மக வருவான்னு அப்பவே எழுதிப் போட்டுட்டேன்.”

“இடம் போயிரும் அப்பச்சி.”

“அங்குட்டு இருக்கவுகளும் மனுசங்கதான ஆத்தா, ஒரு மாசம் பொறுக்க மாட்டாகளா? நல்ல நாளுக்காக நான் பினாங்குக் கப்பலையே விட்டுருக்கேன். கடை என்ன ஓடியா போச்சு?”

அது பினாங்கில் உங்கள் அப்பச்சி நடத்திய கடை, காத்திருந்தது. என் இடம் காத்திருக்குமா? அலறியடித்துத் தந்தி கொடுத்தேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

அதைக்கூடப் பொறுத்தேன். நல்லது நினைத்துச் செய்தீர்கள், தப்பாகிப்போயிற்று. ஆனால் வந்தவர் போனவரிடமெல்லாம், “பிள்ளைதான் என்னைய விட்டுட்டுப் போக மாட்டேன்னுருச்சு” என்றீர்களே, அதை எப்படிப் பொறுப்பேன்? நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் உங்களை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேளுங்கள். அயித்தையின் பேத்திக்கு லண்டனில் மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. “மெய்யம்மையப் பாரு, அவ போனாளா?” என்று சொல்லியே அவள் வாயை அடைக்கிறார்களாம். பந்தி முடிந்ததும் கொல்லைப்பக்கம் வந்து என்னிடம் கேட்டாள்: “அத்தனை லேசா எப்படி அத்தை விட்டீக?”

விட்டது நானா? நீங்களே சொல்லுங்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கீழச்சிவல்பட்டி போகிறேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அயித்தையிடம் நடந்ததைச் சொல்லப்போகிறேன். உங்கள் பேர் கொஞ்சம் கெடும். கெட்டுப் போகட்டும் அப்பச்சி, அவள் போகட்டும்.

போக ஆசைப்பட்ட உங்கள் மகள்,
மெய்யம்மை