பவித்ரன் யாருக்கு ஓட்டுப் போடுவான்?

செமோர், மலேசியா,
ஞாயிறு காலை

அன்பு மகன் பவித்ரனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சோறு தின்று சுகமாய் இருக்க முனியாண்டி சாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் திட்ட ஆரம்பித்தால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் திட்டுகிறேன். உன் தங்கை ஷர்மினி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

நீ இங்கிலாந்தில் பிரிஸ்டல் மாநகர் மன்றத்துக்கு நிற்கிற செய்தியை மார்க்கெட்டில் சொன்னேன். இங்கே நாம் யாரும் மாநகர் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டதே இல்லையே, மேலே இருக்கிறவர்கள் பார்த்து ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் மீன் விற்கிற அகதா அக்கா, “யாரு லா உன் மவனைப் போட்டாங்க?” என்றுதான் கேட்டாள். யாரும் போடவில்லை, அவனே நிற்கிறான் என்றேன். “பவித்ரனா? ரெண்டாவது வடை கேக்கவே வெக்கப்படுவானே அவன்!” என்று கையில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பெற்றவள் என்றும் பார்க்காமல் நானும் சேர்ந்து சிரித்தேன். நீ அனுப்பிய நோட்டீஸை அப்பா ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். படத்தில் ஏன்யா அப்படி முறைக்கிறாய், ஐசி அட்டைக்குப் படம் எடுக்கப் போனவன் மாதிரி? வீடு வீடாகப் போகிறேன் என்கிறாய், போய் என்ன செய்தாய்? ஒரு வீட்டில் அரை மணி நேரம் டீ குடித்து, அவர்கள் நாயின் கால்வலிக்கு வைத்தியமும் சொல்லிவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து திரும்பியிருக்கிறாய். நர்ஸ் புத்தி எங்கே போகும்.

அதெல்லாம் போகட்டும். போன வாரம் ஒன்று சொன்னாயே, “எதிரா நிக்கிறவரு என் பக்கத்து வீட்டுக்காரரும்மா, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சூப் வச்சுக் குடுத்தவரு, எனக்கு நானே போட்டுக்க ஒரு மாதிரியா இருக்கு, என் ஓட்டை அவருக்கே போட்டுரலாம்னு இருக்கேன்” என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அதற்குத்தான் இந்தத் திட்டு.

உனக்கு ஏழு வயதில் நம் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பதவிக்கு நான் நின்றேன், உனக்கு நினைவிருக்காது. பாலர் பள்ளி முன்னால் மணல் லாரிகள் பறக்குமே, அந்த ரோட்டில் ஒரு மேடு போட வைக்க வேண்டும் என்றுதான் நின்றேன். எதிரே நின்றவர் தர்மேந்திரன் அண்ணன், நம் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பந்தல் கட்டியவர். பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம், கை தூக்கித்தான் ஓட்டு. என் பெயரைச் சொன்னதும் அப்பா இரண்டு கையையும் தூக்கினார், எண்ணினவர் ஒன்றைத்தான் எண்ணினார். நான் தூக்கவில்லை. தனக்குத் தானே கை தூக்குகிறவளை நம் சனம் என்ன சொல்லும்? அண்ணன் பெயர் வந்தபோது மரியாதைக்குத் தூக்கினேன். “விமலாக்கு எவ்ளோ பெரிய மனசு லா” என்று எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு இருபது, அண்ணனுக்கு இருபத்தொன்று. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணன் நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கண்ணுக்குப் பந்தல் தெரியும், ரோடு தெரியாது. மேடு வரவில்லை. அடுத்த வருஷம் நீ சைக்கிளோடு லாரியில் உரசி விழுந்தது அங்கேதான், தாடையில் நாலு தையல். பார்த்துப் போகத் தெரியாத பயல் என்று இத்தனை வருஷமும் உன்னைத்தான் கேலி செய்து வந்தேன். நோட்டீஸிலும் அந்தத் தழும்பு தெரிகிறது அய்யா. அதைப் பார்த்தால் நான் தூக்கிய கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், கூட்டிப் பெருக்குகிற அம்மாக்கள் மழையில் நடந்து போகிறார்கள் என்றுதானே நின்றாய்? அந்த அம்மாக்களா அவர் சூப்பைக் குடித்தார்கள்? நீ குடித்தாய், நீ ஒரு நாள் நண்டுக்கறி வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடு. ஓட்டைக் கொடுக்காதே.

ஜெயித்தாலும் தோற்றாலும் நீ என் பிள்ளை, நன்றாக இருப்பாய். அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். வியாழக்கிழமை ஓட்டுப் போட, அடையாளம் காட்டப் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போ. திரைக்குப் பின்னால் யாரும் பார்க்க மாட்டார்களாம், வெட்கப்படாமல் உன் பெயருக்கே போடு.

இப்படிக்கு,
ஒரு ஓட்டில் தோற்ற உன் அம்மா,
விமலா ராமையா