கரும்புக்குள் மூன்று கற்கள்

ஐப்பசி 16, ஞாயிறு. விடாத மழை.

"பெரியோரே, தாய்மாரே! வாழும்போது ஒரு குழி நிலமில்லை. செத்தபின் இடுகாட்டுக்குப் போக வழியுமில்லை! மயிலத்திற்கு அப்பால் ஒரு குடியிருப்பில், பிணத்தை மார்பளவு வாய்க்கால் நீரில் சுமக்கின்றார்கள்!"

இன்று மாலை திண்டிவனம் கூட்டத்தில் என் பேச்சின் தொடக்கம் இது. எடுத்துச்செல்ல: குடை, கண்ணாடி, பனங்கற்கண்டு.

வெள்ளியன்று ஆவண அறையில் பழைய புலப்படம், அதாவது நில அளவை வரைபடம், கண்டேன். இன்று கரும்புத் தோட்டம் இருக்கும் இடத்தில் இரட்டைக் கோடு. அருகே தெளிவாக: இடுகாட்டுப் பாதை. வேலி போட்ட தோட்டக்காரர் இல்லவே இல்லையென்று சாதித்த பாதை. சான்றிட்ட படி ஒன்றைச் செவ்வாயன்று தருவார்களாம்.

திரும்பியபின்: கூட்டம் நன்று. எந்தக் கட்டு, எத்தனையாம் தாள், அனைத்தையும் ஒலிபெருக்கியில் முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஐப்பசி 18, செவ்வாய்.

தொண்டை கம்மல். கட்டு இருந்தது, தாள் இல்லை. தைத்த நூலோரம் கிழிசல் மட்டும். புதுக் கிழிசல், வெள்ளையாய்.

எழுத்தர்: "அந்த ஷீட்டே இதுல கெடையாதுங்க ஐயா. நீங்க வேற எதனா பாத்திருப்பீங்க." பிறகு, "ஞாயித்துக்கெழம நானும் கேட்டேன். சூப்பரா பேசுனீங்க."

கிழித்தவர் யாரென எழுதச் சான்றில்லை. இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் யாரென அறிவேன். நான்.

விழுப்புரம் சென்று வழக்கறிஞரைப் பார்த்தேன். "வேற ஆதாரம் இருந்தா கொண்டாங்க." பேருந்தில் நின்றபடியே திரும்பினேன்.

ஐப்பசி 19, அறிவன் (புதன்). தூறல்.

குடியிருப்பில் சொல்லியாக வேண்டும். போனேன். அஞ்சலை, கரும்பு வெட்டும் கூலியாள். கணவர் கோவிந்தன் படுக்கையில், மூச்சிழைப்பு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"ரகசியத்த மைக்குல போட்டீங்களா? நல்லாக்கீது! எலும்பு கெடச்சா எங்க தெரு நாய்கூட ஜல்தியா ஒளிச்சி வச்சிட்டுத்தாங்க கொலைக்கும்."

தலைகுனிந்தேன். படுக்கையிலிருந்து கோவிந்தன்: "உடு அஞ்சல. எங்கண்ணன வாய்க்கால்ல தூக்கினு போனாங்க, தொப்பலா நனஞ்சிட்டான். எனக்கு நீச்சல் வேற தெரியாதுங்க ஐயா."

அவரே சிரித்தார். இருமலாக முடிந்தது.

அஞ்சலை அவர் முதுகைத் தடவியவாறே: "பேப்பரு போனா போவுது. கல்லு எங்க போவும்? அந்தத் தோட்டத்துல கரும்பு வெட்டிக்கினு இருந்தப்போ மூணு எடத்துல கத்தி கல்லுல பட்டுது. தலைல குறி போட்ட கல்லுங்க. சர்வே கல்லு."

எத்தனை ஆவண அறை ஏறி இறங்கினேன்! இவரிடம் கேட்கத் தோன்றவில்லையே.

ஐப்பசி 20, வியாழன்.

விடியலில் அஞ்சலையுடன் தோட்டத்துக்குள். மூன்று கற்களும் உள்ளன. ஒரே நேர்கோட்டில், இடுகாடு நோக்கி. படம் பிடித்தேன். வட்டாட்சியரிடம் முறையீடு கொடுத்தேன், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினேன். நில அளவர் அடுத்த வாரம் வருவாராம். வேறெவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஐப்பசி 21, வெள்ளி. கனமழை.

கோவிந்தன் போய்விட்டார். வைகறையில்.

வாய்க்கால் கரை தட்டி ஓடுகிறது. பாடையை வேலிக்குக் கொண்டுவந்தோம். வேலிக் கதவில் பூட்டு. தோட்டக்காரரின் ஆள்கள் உள்ளே. "எறக்கி வச்சிட்டுப் பேசுங்கப்பா" என்றான் ஒருவன்.

அஞ்சலை: "எறக்காதீங்க! வழி உடுற வரிக்கும் தோள்லயே இருக்கட்டும்."

தோள் மாற்றிக்கொண்டு நிற்கிறோம். என் முறை முடிந்து, குடைக்குள் எழுதுகிறேன். வட்டாட்சியருக்கு இப்போது கொடுத்தனுப்பிய சீட்டில் எழுதியது:

ஐயா, அடுத்த வாரம் வேண்டா. மூன்று கற்களும் நட்ட இடத்தில் நிற்கின்றன. பிணம் எங்கள் தோளில் இருக்கிறது. அளவரை இந்த மழையிலேயே அனுப்புங்கள். பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இப்போதே.